அழுது வடிகிற மானிட்டர்

என் அம்மாவிடம் பொத்தாம்பொதுவாக ஒரு நிறத்தைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "அந்தப் பச்சைச் சட்டைய எடும்மா" என்று கேட்டால் எடுக்க மாட்டாள். "எந்தப் பச்சை? பாசிப்பச்சையா, கிளிப்பச்சையா, இலைப்பச்சையா?" என்று கேட்பாள். அவசரத்தில் "ஏதோ ஒரு பச்சை" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அப்பா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் டீச்சரம்மா. அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. வீடுகளுக்கு பெயின்ட் அடிப்பவர். அவர் கேட்கும் கேள்வி வேறு: "பச்சைன்னா உள்சுவத்துக்கா, வெளிச்சுவத்துக்கா?" நிறம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே வீடு தாங்காது, எங்கள் வீட்டில் இருவர். அதனால் நான் சட்டை கேட்பதையே விட்டுவிட்டேன், நானே எடுத்துக்கொள்வேன்.

அம்மா பல வருடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். படம் எடுப்பது வேறு ஆள். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்துவது அம்மா. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை எடுப்பது, பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவரை மறைப்பது, வெயிலில் வெளிறிப்போன வானத்துக்குக் கொஞ்சம் நீலம் கொடுப்பது, இதெல்லாம் அவளுக்குப் பிடித்த வேலைகள். பிடிக்காதது ஒன்றே ஒன்று, ஆட்களை வெளுக்க வைப்பது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். மாப்பிள்ளை வெளுக்கணும், பெண் வெளுக்கணும், வேலைக்கு மனுப் போடுகிறவன்கூட வெளுக்கணும். "இது ஸ்டூடியோவா, சலவைக் கடையா?" என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள். மறுநாள் காலையில் கிளம்பிப் போய்விடுவாள்.

ஒருநாள் மதியமே திரும்பி வந்துவிட்டாள். கையில் சாப்பாட்டுப் பை, திறக்கவே இல்லை. ஒரு கைக்குழந்தையின் படம் வந்ததாம். அப்பனைப் போலவே நல்ல கறுப்பு, கன்னம் பளபளவென்று இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டூடியோக்காரர் பின்னால் வந்து நின்று "ரெண்டு ஷேடு ஏத்திடுங்க" என்றாராம். "பெத்தவங்களே கேக்கல சார், கொழந்தய கொழந்தையா விடுங்க" என்று அம்மா சொல்ல, "சம்பளம் குடுக்கறது யாரு?" என்று அவர் கேட்க, அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"வேலைய விட்டுட்டேன்" என்றாள்.

"சாப்பாட்டையுமா விட்டுட்ட? கொண்டா இப்படி, நான் சாப்பிடறேன்" என்றார் அப்பா. அன்று அவருக்கும் வேலை இல்லாத நாள். அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேலையை விட்டது சரி, அடுத்து என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை. நான் படிப்பை முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்தேன். ஸ்டூடியோக்காரர் வேறு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: "கோபத்த மறந்துட்டு வரச் சொல்லுங்க, அவங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு." அந்த நாற்காலியில் மறுபடி போய் உட்கார அம்மாவுக்குத் துளியும் மனசில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு துணிக்காரம்மாவிடம் பேச்சு வந்தது. அவர் வீட்டு மாடியில் துணிகளை அடுக்கி வைத்து, படம் எடுத்துப் போனில் போட்டு விற்பவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அம்மா ஒரு ரவிக்கைத் துணி வாங்கப் போன இடத்தில் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விற்றதில் பாதி திரும்பி வருகிறதாம். படத்தில் பார்த்தது ஒன்று, பொட்டலத்தைப் பிரித்தால் வேறொன்று என்று எல்லோரும் திட்டுகிறார்களாம். படம் எடுப்பது அவர் மருமகன். அதனால் சத்தமாகவும் திட்ட முடியவில்லை.

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். "இது மாதுளங்கலர். உங்க மருமகன் தக்காளியாக்கி வச்சிருக்காரு. இது மயில்கழுத்து, படத்துல வெறும் நீலமா இருக்கு. திருப்பி அனுப்பாம என்ன பண்ணுவாங்க?"

"அப்ப நீங்கதான் சரி பண்ணிக் குடுங்களேன்" என்றார் துணிக்காரம்மா. "புதுசா வந்த சரக்குல ஒரு கட்டு தர்றேன். துணியும் தர்றேன், படமும் தர்றேன். துணி எப்படியோ படமும் அப்படி இருக்கணும். இருந்துச்சுன்னா வருஷம் பூரா என் வேலை உங்களுக்குத்தான். இல்லேன்னா வருத்தப்படக் கூடாது."

அம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்றார் அப்பா. அம்மாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. யாரையும் வெளுக்க வைக்காமல், உள்ளதை உள்ளபடி காட்டினால் கூலி கிடைக்கும் என்று ஒரு வேலை இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். இது கிடைத்துவிட்டால் அந்த நாற்காலிப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் அங்கேதான் போக வேண்டும். வேறு வழி இல்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

வீட்டில் இருந்தது என் பழைய லேப்டாப். அதன் திரையை முன்னால் சாய்த்தால் மாதுளை கறுத்துப்போகும், பின்னால் சாய்த்தால் ரோஜா ஆகிவிடும். எந்தச் சாய்வில் தெரிவது உண்மை என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. ஆக, ஒரு நல்ல மானிட்டர் வாங்கியே தீர வேண்டும் என்று முடிவானது.

கடைக்கு மூவரும் போனோம். அம்மா தோளில் ஒரு பெரிய பை, அதில் துணிக்காரம்மா கொடுத்த கட்டிலிருந்து உருவிய துணிகள், ஒரு பென்டிரைவ். கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு மீன்கள், ஊதா மலர்கள், அருவி. அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்.

"பாத்தியா டீச்சரம்மா, மீனக் கையால புடிச்சிடலாம் போல இருக்கு."

"மீன் விக்கறதா இருந்தா இத வாங்கலாம்" என்றாள் அம்மா.

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். விளையாடவா, சினிமா பார்க்கவா என்று கேட்டார். படம் திருத்த என்று அம்மா சொன்னதும், அரைவட்டமாக வளைந்த ஒரு பெரிய திரையைக் காட்டி "அப்ப இதான் மேடம், இப்ப எல்லாரும் இததான் எடுத்துட்டுப் போறாங்க" என்றார்.

"துணியோட கரை நேரா இருக்கான்னு நான் பாக்கணும். திரையே வளைஞ்சிருந்தா எத நம்பறது?" என்று அம்மா அதைக் கடந்து போய்விட்டாள்.

அடுத்து அவள் செய்ததைப் பார்த்து விற்பனையாளர் திருதிருவென்று முழித்தார். மீன் படத்தை நிறுத்தச் சொன்னாள். எல்லா மானிட்டரும் கடைக்காக நிறத்தைத் தூக்கி வைத்திருக்கும் ஓர் அமைப்பில் இருந்தன. அதை மாற்றிச் சாதாரண அமைப்புக்குக் கொண்டுவரச் சொன்னாள். "மேக்கப்பக் கழுவுங்க, மூஞ்சியப் பாப்போம்" என்றாள். அவர் ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே வந்தார். பாதிப் பேருக்கு முகமே மாறிப்போயிற்று.

பிறகு தன் பென்டிரைவில் இருந்ததை ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தாள். முதலில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை பட்டை பட்டையாகச் சாம்பல் நிறம் மட்டும் இருக்கும் ஒரு படம். "சாம்பல்ல பொய் சொல்ற திரை எல்லாத்துலயும் பொய் சொல்லும்" என்று எனக்கு விளக்கம் வேறு. ஒன்றில் சாம்பல் லேசாகப் பச்சையடித்தது, ஒன்றில் ரோஜா. அடுத்து ஒரு கறுப்புத் துணியின் படம், மடிப்புகள் தெரிகின்றனவா என்று. கண்ணாடி போலப் பளபளத்த ஒரு திரையில் மடிப்பு தெரியவில்லை, அம்மாவின் முகம்தான் தெரிந்தது. அதற்கப்புறம் தரையில் குந்தி உட்கார்ந்து கீழிருந்து பார்த்தாள், இடப்பக்கம் போய்ப் பார்த்தாள், வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். அப்பாவை எதிர்மூலையில் நிறுத்தி "அங்கேர்ந்து பாத்தா என்ன கலர் தெரியுது?" என்று கத்தினாள். "எதுல?" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் கொஞ்ச நேரம் பிரிண்டர் வாங்க வந்தவளைப் போல அந்தப் பக்கம் போய் நின்றேன்.

கடைசியில் அவள் போய் நின்றது வரிசையின் ஓரத்தில், தூசி படிந்து கிடந்த ஒன்றிடம். பளபளப்பு இல்லாத திரை, தடித்த விளிம்பு. அட்டையில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை என்பது சரி. போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாகத் தெரியக்கூடிய நிறங்களைக் கிட்டத்தட்ட முழுசாகக் காட்டும் என்பதும் சரி. மாதுளைத் துணியைத் திரை ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அத யாரும் கேக்கறதே இல்ல மேடம்" என்றார் விற்பனையாளர்.

"இத்தன இருக்கறப்ப இந்த அழுது வடியறதையா எடுக்கற?" என்று அப்பாவும் அங்கலாய்த்தார்.

"இது அழலங்க. மத்ததெல்லாம்தான் காரணமே இல்லாம சிரிக்குது."

"வாங்கறவங்க ஆளாளுக்கு ஒரு போன் வச்சிருப்பாங்களேம்மா, அதுல எப்படித் தெரியுமோ" என்று நானும் என் பங்குக்குக் கேட்டுவைத்தேன். "நான் சரியா நடுவுல நின்னுட்டா போதும். அவங்க போன் எந்தப் பக்கம் இழுத்தாலும் ரொம்ப தூரம் போகாது" என்றாள். விலையும் கைக்கு எட்டியது. அழுது வடிகிறதை வாங்கிக்கொண்டு வந்தோம். பெயர் அதற்கு அப்படியே நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. அப்பாவின் பெயின்ட் டப்பா, ஏணி, உருளை எல்லாம் அங்கேதான் கிடந்தன. அதை அவர் அம்மாவுக்குக் காலிசெய்து கொடுத்தார். "ரெண்டு நாள் உங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வாங்க, தூசி பறக்கும்" என்று எங்களை அனுப்பியும் வைத்தார். நானும் போனேன், ஆகவே பின்னால் நடந்ததில் என் கை இல்லை.

திரும்பி வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார், வாயெல்லாம் பல். அம்மாவின் கண்ணைப் பொத்தி அந்த அறைக்குக் கூட்டிப்போனார். கையை எடுத்தார்.

மாம்பழ மஞ்சள். நாலு சுவரும் மாம்பழ மஞ்சள். மேலே நிமிர்ந்தால் கூரையும் மாம்பழ மஞ்சள். அப்பா அடித்ததில் ஒரு திட்டு, ஒரு வழிசல் பார்க்க முடியாது. சும்மா சொல்லக்கூடாது, அறைக்குள் வெயில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"புது வேலை, புது எடம். வெளிச்சமா இருக்கட்டும்னு நானே கலந்தேன்" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் அம்மா, சட்டென்று. எந்த நிறத்தையும் ஒரு நிமிடம் பார்க்காமல் வாயைத் திறக்காதவள் இப்படிச் சொன்னதும் எனக்கு ஏதோ உறுத்தியது. அப்பாவுக்கு உறுத்தவில்லை.

சமையலறையில் என்னிடம் கிசுகிசுத்தாள். "அந்த மஞ்சள் எல்லாத்து மேலயும் விழும்டி. அங்க வெள்ளைத் துணிய விரிச்சா வெள்ளையா தெரியாது. அதப் பாத்து நான் படத்த சரி பண்ணினா படமும் மஞ்சளாப் போய்டும். படம் திருத்தற ரூம்ல சுவரே கண்ணுல படக் கூடாது."

"அப்ப அப்பாகிட்ட சொல்லு."

"அவரு மூஞ்சியப் பாத்தியா நீ?"

பார்த்தேன். அதற்குள் அவர் மேல்வீட்டுக்காரர்களை அழைத்து வந்து காட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் கீழ்வீட்டுக்காரர்கள். அதற்கு மறுநாள் அவருடன் வேலை பார்ப்பவர்கள். "என் வீட்டுக்காரி கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற ரூம்" என்று அவர் சொல்லும்போது குரலில் இருந்த குழைவை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கூடத்தில் மானிட்டரை வைக்கலாம் என்றால் அங்கே பாதி நாள் நேர்வெயில். படுக்கையறையில் மேசை போட இடமில்லை.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். சுவர் எவ்வளவு மஞ்சளைத் தூக்கிப் போடுகிறதோ அவ்வளவை மனசுக்குள்ளேயே கழித்துக்கொள்வது. அப்படிச் செய்தே கொஞ்சம் படங்களைத் திருத்தி மாதிரிக்கு அனுப்பினாள். இத்தனை வருடக் கண்ணாயிற்றே என்ற நம்பிக்கை. ஆனால் காலையில் விழும் மஞ்சள் வேறு, மேகம் மூடினால் விழும் மஞ்சள் வேறு. எதை எவ்வளவு கழித்தோம் என்று அவளுக்கே குழம்பிப்போனது.

துணிக்காரம்மா போனில் கூப்பிட்டார். "என்னங்க இது? ஒண்ணு காமாலை வந்த மாதிரி கெடக்கு, இன்னொண்ணு நீலம் பாரிச்சுக் கெடக்கு. இதுக்கு என் மருமகனே தேவலையே! உங்க மேல வச்ச மரியாதைக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். அப்புறம் நான் சரக்க வித்தாகணும்."

போனை வைத்துவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "திரும்ப அந்த நாற்காலிதான் போலருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு இருவர் மேலும் கோபமாக வந்தது. ஆசையாகச் செய்து கெடுத்தவர் ஒருவர், ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று தன்னைக் கெடுத்துக்கொள்பவள் ஒருத்தி. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன். "சொன்னா உன் பேச்சு கா" என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

சொல்லாமல் என்ன செய்வது? கீழ்வீட்டில் பெண்கள் விடுதி நடத்தும் அக்காவிடம் போய்ச் சாம்பல் நிறப் போர்வைகள் கேட்டு வாங்கி வந்தோம். அப்பா வேலைக்குக் கிளம்பியதும் கயிறு கட்டி, துணி கிளிப்பு போட்டு நாலு சுவரையும் மூடுவோம். கூரைக்குப் போர்வை கட்ட முடியவில்லை. அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை விரித்து மேசைக்கு மேலே, பழைய ஏணியில் கட்டித் தொங்கவிட்டோம். அதன் கீழே, சாயம் போன ஒரு நைட்டியில் அம்மா உட்கார்ந்து துணியையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பாள். மாலையில் அப்பா வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். நான் படித்த படிப்புக்கு அந்த வாரம் நல்ல வேலை.

மழை வந்து கெடுத்தது. அன்று காலை மூட்டமாக இருந்தது. அப்பா குடையைத் தேடினார். "எங்க போச்சு என் குடை? இங்கதான இருந்துச்சு?" நானும் அம்மாவும் கூடவே தேடினோம், கட்டிலுக்கு அடியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும். குடை இல்லாமலே போனார். வெளிச்சுவர் வேலை. மழை பிடித்துக்கொண்டால் அடிக்க முடியாது. ஆகவே முற்பகலிலேயே தொப்பலாக நனைந்து திரும்பி வந்து, துண்டு எடுக்க உள்ளே வந்தவர் அந்த அறை வாசலில் நின்றுவிட்டார்.

குடையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு போர்வைகளை. ஒன்றை விலக்கிப் பார்த்தார், அவருடைய மஞ்சள் பின்னால் இருந்தது.

"புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "ஊரையே கூட்டிட்டு வந்து காட்டினேனே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா எழுந்தாள். குடை தலையில் இடித்தது. "புடிக்கலன்னு யாரு சொன்னா? நான் பாத்த மஞ்சள்லயே நல்ல மஞ்சள் இதுதான். எனக்குன்னு ஒருத்தர் ஒரு ரூம் அடிச்சுக் குடுத்ததும் இதுதான் மொதத் தடவ. அத எந்த வாயால வேணாம்னு சொல்லுவேன் நான்?" என்று அழுதுவிட்டாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, போர்வையை விலக்கி, மஞ்சள் சுவரின் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். அப்படியே அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் துணியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். உள்ளே வெண்ணெய், வெளியே சுண்ணாம்பு வெள்ளை.

அவர் துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அட, செவப்புத் திரைச்சீலை!" என்றார்.

"என்னது?"

"போன மாசம் ஒரு வீட்டுல வெள்ளை அடிச்சேன்ல. அந்தம்மா செவுரு ரோஸா இருக்குன்னு சண்டைக்கு வந்துச்சு. ஜன்னல்ல இருந்த செவப்புத் திரைய அவுத்துப் போட்டுட்டு இப்பப் பாருங்கன்னு நான் கத்திட்டு வந்தேன். அங்க அவ்வளவு பேசிட்டு, இங்க கூரை வரைக்கும் நானே அடிச்சு வச்சிருக்கேன் பாரு." தலையைத் துவட்டிக்கொண்டார். வருத்தம் இருந்தது, இல்லாமல் போகவில்லை. பிறகு கேட்டார், "சரி, என்ன கலர் வேணும்?"

"கலரே வேணாங்க."

"கலரே இல்லாம ஒரு கலரா?"

"சாம்பல். நீலம் பாயாத சாம்பல், பழுப்பும் பாயக் கூடாது. ஒண்ணுமே இல்லாத சாம்பல்."

அப்பா சாம்பல் அடித்ததெல்லாம் வண்டி நிறுத்துமிடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும்தான். அதை ஒரு நிறமாகவே அவர் மதித்ததில்லை. ஆனால் கலக்க உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெள்ளையில் கறுப்பை விட்டால் சாம்பல் வரும் என்று நான் நினைத்தேன். வந்தது, ஆனால் நீலமடித்தது. சொட்டு மஞ்சள் விட்டார், பச்சைக்குப் போயிற்று. துளி சிவப்பு விட்டார், அழுக்காகிவிட்டது. ஒவ்வொரு கலவையையும் ஓர் அட்டையில் தடவி, ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தால் ஒரு நிறமும் காட்டும் என்பதால் என் முடி உலர்த்தும் கருவியைப் பிடுங்கிக் காயவைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து, திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, "இன்னும் நீலம் இருக்கு" என்று திருப்பி அனுப்பினாள். மூன்றும் சமமாக இருந்தால்தான் அது வெறும் சாம்பல்.

"உன் மெஷினு பொய் சொல்லுது."

"மெஷின் ஒண்ணும் சொல்லல. உங்க டப்பாதான் சொல்லுது."

"டீச்சரம்மா, இது செவுருக்கா இல்ல பரீட்சைக்கா?"

இப்படியே அட்டைமேல் அட்டை. கூடம் முழுக்கச் சாம்பல் அட்டைகள் காய்ந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன, அதைச் சொல்லி இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடைசியில் ஓர் அட்டையை அம்மா திருப்பி அனுப்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பின்னால் வந்து குனிந்தார். மூன்றும் சமமாக இருந்தன. இருவரும் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்.

அடுத்த நாள் மாம்பழ மஞ்சளின் மேல் சாம்பல் ஏறியது, கூரை உட்பட. அப்பா ஒரு திட்டில்லாமல் அடித்தார், எப்போதும் போல. அது காய்ந்ததும் அம்மா உட்கார்ந்தாள். கெடு முடிய அதிக நாள் இல்லை. முதலிலிருந்து எல்லாப் படத்தையும் மறுபடி திருத்த ஆரம்பித்தாள். மனசுக்குள் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. துணியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், இரண்டும் ஒன்றாகும்வரை நகர்த்தினாள். நான் சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

துணிக்காரம்மா இந்தத் தடவை போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை. துணிக்கட்டைப் பிரித்து, ஒவ்வொரு துணியாக எடுத்து, தன் போனில் உள்ள படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாதுளை. மயில்கழுத்து. வெங்காயத்தோல். அவர் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கடைசியில் ஒரு கறுப்புத் துணியை எடுத்தவர், போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், துணியைக் கிட்டே கொண்டுபோனார்.

"இந்தக் கறுப்புல பச்சை ஓடுதுன்னு எனக்கே இப்பத்தாங்க தெரியுது" என்றார். "நாளைக்கு அடுத்த கட்டு அனுப்பறேன். இனிமே எல்லாமே இங்கதான் வரும். ஸ்டூடியோக்காரர் வந்து கூப்பிட்டாலும் போய்டாதீங்க, சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றாள் அம்மா. அப்பா நிம்மதியில் அந்த ஆறிப்போன காப்பியை எடுத்துத் தானே குடித்துவிட்டார்.

கிளம்பும்போது துணிக்காரம்மா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வாய் சும்மா இருக்குமா? "என்னங்க பெயின்டரே, ஊருக்கெல்லாம் கலர் கலரா அடிக்கறீங்க. உங்க வீட்டுல ஒரு ரூமுக்கு இன்னும் பெயின்டே அடிக்காம பிரைமரோட விட்டு வச்சிருக்கீங்களே, எப்ப அடிக்கப் போறீங்க?"

பதில் சொல்ல அம்மா வாயெடுத்தாள். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அடிச்சாச்சுங்க. என் வீட்டுக்காரி வேலை பாக்கற ரூம் இது. நான் இத்தன வருஷமா அடிச்சதுலயே நல்லா வந்தது இதுதான்."